தீவுக்கு மட்டும் ஒரு நிறம்: ஓ.எம்.ஆர். சமையலறைகள் பற்றிச் சில குறிப்புகள்

நாவலூர், தாழம்பூர், படூர் பக்கம் புதிதாகக் குடிபோகும் அடுக்ககங்களில் கிரகப்பிரவேசத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். சமையலறை அலமாரி எல்லாம் வெள்ளை அல்லது மணல் நிறம். ஹாலைப் பார்த்தபடி நிற்கும் மேடை மட்டும் அடர் நீலம், இல்லையென்றால் பாட்டில் பச்சை. மேலே தொங்கும் மூன்று விளக்குகள், முன்னால் இரண்டு உயரமான ஸ்டூல். இன்டீரியர்காரர்கள் இதை ‘ஐலண்ட்’ என்கிறார்கள். ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருப்பதால் கறாராகப் பார்த்தால் இது தீவு இல்லை, தீபகற்பம். பரவாயில்லை, நாமும் தீவு என்றே வைத்துக்கொள்வோம்.

இந்தக் குறிப்பு அந்த ஒரு மேடைக்கு மட்டும் வேறு நிறம் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமையலறையில் நிற வேறுபாடு நல்ல யோசனைதான். ஆனால் நாம் அதைச் சமைக்கிறவர் பார்க்காத பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கிருந்து வந்தது

ஐரோப்பாவின் பழைய பெரிய வீடுகளில் சமையலறை நடுவே ஒரு மர மேசை இருக்கும். மாவு பிசைவது, காய் நறுக்குவது, கோழியைச் சுத்தம் செய்வது எல்லாம் அதில்தான். அது அறையோடு சேர்ந்த கட்டுமானம் இல்லை, நகர்த்தக்கூடிய தளவாடம். சுற்றியிருந்த அலமாரிகளும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. வேறு வேறு காலத்தில் வாங்கியவை, அதனால் வேறு வேறு நிறம்.

1926ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் பிராங்பர்ட் நகரத்தின் புதிய குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ‘பிராங்பர்ட் கிச்சன்’ என்று பெயர். ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். சுமார் 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். இன்று நாம் மாடுலர் கிச்சன் என்று சொல்வதற்கு இதுதான் கொள்ளுப்பாட்டி. சுவரோடு சுவராக ஒரே மாதிரி அலமாரி, நடுவில் மேசைக்கு இடமே கிடையாது.

அந்தச் சமையலறையின் நிறம் நீலப்பச்சை. அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று அப்போது நம்பினார்கள். மாவு வைக்கும் பெட்டியை ஓக் மரத்தில் செய்தார்கள், புழு வராது என்பதற்காக. நம்பிக்கை சரியோ தப்போ, நிறத்துக்கும் மரத்துக்கும் வேலை சார்ந்த ஒரு காரணம் கேட்கப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மேற்கில் வீடுகள் பெரிதாயின. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த சுவர் போயிற்று. நடு மேசை திரும்பி வந்தது, ஆனால் இந்த முறை தரையில் பொருத்திய பெட்டியாக. 1980களில் இங்கிலாந்தில் ஜானி கிரே போன்ற வடிவமைப்பாளர்கள், ஒரே அச்சில் வார்த்த சமையலறை சலிப்பூட்டுகிறது, தனித்தனித் தளவாடங்களாக இருக்கட்டும் என்று வாதாடினார்கள். தீவுக்கு வேறு நிறம் அடிப்பது அந்த எண்ணத்தின் மலிவான வடிவம். பொருத்தப்பட்ட பெட்டிதான். ஆனால் நிறத்தை மாற்றினால் கண்ணுக்கு ‘இது தனி மேசை’ என்று தெரிகிறது. பெரிய அறையில் இது நன்றாகவே வேலை செய்கிறது. வெள்ளைப் பெட்டிகள் மலைபோல் குவிந்து கிடக்கும் உணர்வை உடைக்கிறது. ஸ்டூலில் உட்காருபவரின் செருப்புத் தடத்தையும் மறைக்கிறது.

பெயின்ட் டப்பாவும் மைக்காவும்

இதே வழக்கம் ஓ.எம்.ஆருக்கு வரும்போது இரண்டு விஷயங்கள் மாறிவிடுகின்றன.

முதலாவது, இடம். தீவைச் சுற்றி நடக்க எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கு அமெரிக்க சமையலறை வடிவமைப்பாளர்கள் வைத்திருக்கும் பரிந்துரை, ஒருவர் சமைத்தால் 42 அங்குலம், இருவர் என்றால் 48. கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவரோர மேடை 2 அடி, நடைபாதை மூன்றரை அடி, தீவு 2 அடி, மறுபக்கம் இன்னொரு மூன்றரை அடி. மொத்தம் 11 அடி. எங்கள் பக்கம் இரண்டு படுக்கையறை வீடுகளில் சமையலறை பெரும்பாலும் எட்டுக்கு ஏழு. கிட்டத்தட்ட பிராங்பர்ட் கிச்சன் அளவுதான். அதனால்தான் தீவு ஹாலுக்குள் கால் நீட்டி, தீபகற்பமாகி, சாப்பாட்டு மேசையின் இடத்தைத் தின்கிறது.

இரண்டாவது, பொருள். அமெரிக்காவில் அலமாரிக் கதவுகள் பெரும்பாலும் பெயின்ட் அடிக்கக்கூடிய மரம் அல்லது எம்.டி.எஃப். ஒரு டப்பா பெயின்ட், ஒரு சனி-ஞாயிறு, தீவு நீலமாகிவிடும். பிடிக்கவில்லையா, அடுத்த மாதம் பச்சை. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ‘ரிவர்ட்’ செய்யக்கூடிய மாற்றம். தீவைத் தேர்ந்தெடுப்பதற்கே காரணம், பரப்பு குறைவு, தப்பினால் நஷ்டமும் குறைவு என்பதுதான்.

இங்கே என்ன செய்கிறோம்? பிளைவுட் மேல் 1 மி.மீ. மைக்காவைப் பசை போட்டு ஒட்டி, ஓரத்துக்கு அதே நிறத்தில் பட்டை ஒட்டுகிறோம். இன்னும் காசிருந்தால் அக்ரிலிக் அல்லது பி.யு. பூச்சு. நிறம் பிடிக்கவில்லை என்றால் ஷட்டரையே மாற்ற வேண்டும். ஐந்து வருடம் கழித்து ஒரு ஷட்டர் மட்டும் உப்பிப்போனால் அதே நிற மைக்கா கடையில் கிடைக்கும் என்று எந்த ஆசாரியும் உத்தரவாதம் தரமாட்டார். அங்கே சின்ன விளையாட்டாக இருந்தது, இங்கே பதினைந்து வருட ஒப்பந்தம். ஆனால் நாம் தேர்ந்தெடுப்பது என்னவோ அதே விளையாட்டு மனநிலையில், போனில் பார்த்த ஒரு படத்தை வைத்து.

கூடவே நம்மூர்த் தண்ணீர். போர் தண்ணியோ டேங்கர் தண்ணியோ, உப்பு அதிகம். பளபளப்பான அடர் நிறத்தில் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதைத் துடைப்பது யார் என்ற கேள்வி ஷோரூமில் எழுவதில்லை.

யார் கண்ணுக்குத் தெரிகிறது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்த மேடையில் நிறம் எங்கே இருக்கிறது? ஹாலைப் பார்க்கும் செங்குத்துப் பலகையில். சமைக்கிறவர் நிற்பது அதற்குப் பின்னால். அவர் கண்ணுக்குக் கீழே இருப்பது மேல்கல், அதன் ஓரம், கத்தி, பாத்திரம். நீலப் பலகை அவர் கண்ணில் படவே படாது. சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கும், வாசலில் செருப்பைக் கழற்றும் விருந்தாளிக்கும், வீட்டை விற்கும்போது போட்டோ பார்க்கிறவருக்கும்தான் அது தெரியும்.

வீட்டு அம்மாவோ, சமையலுக்கு வரும் அக்காவோ, ஊரிலிருந்து வந்து தங்கும் பாட்டியோ நாளுக்கு நான்கைந்து மணி நேரம் நிற்கும் அறை. அதில் மிக அதிகமாக யோசித்துத் தேர்ந்தெடுத்த நிறம் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அவர்கள் பக்கம் என்ன இருக்கிறது? பல வீடுகளில் வெள்ளைச் சுவர் டைல், வெள்ளைக் குவார்ட்ஸ் மேடை, வெள்ளை அலமாரி. மேடை எங்கே முடிகிறது என்பதே வெயில் ஏறும்போது மங்கிப்போகும்.

பிரச்சினை மஞ்சள் கறை மட்டும் இல்லை. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளடைகிறது, விழித்திரைக்கு வரும் வெளிச்சம் குறைகிறது, மங்கலான வேறுபாடுகளைப் பிரித்தறியும் திறனும் குறைகிறது. கண்புரை இருந்தால் இன்னும் மோசம். கொதிக்கும் சாம்பார்ச் சட்டியை மேடையில் வைக்கும்போது ஓரம் எங்கே என்று தெரிய வேண்டும். ரயில்வே பிளாட்பாரத்தின் ஓரத்தில் கோடு போடுவது எதற்காகவோ அதற்காகத்தான்.

நிறம் வேறு, ஒளிர்வு வேறு

இணையதளம் செய்கிற எங்களுக்கு இதில் ஒரு பழகிய அளவுகோல் உண்டு. டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற அணுகல்தன்மை வழிகாட்டி. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்று 2008ல் சொன்னது. 2018ல் வந்த பதிப்பு, பட்டன் போன்றவற்றின் ஓரங்களுக்கு 3:1 வேண்டும் என்று சேர்த்தது. ஒளிர்வைக் கணக்கிடும்போது பச்சைக்கு ஏறக்குறைய 72 சதவீத எடை, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7 மட்டும். மனிதக் கண் அப்படித்தான் பார்க்கிறது.

வழக்கமான சமையலறை ஜோடிகளுக்கு நெருக்கமான திரை நிறங்களை எடுத்துக் கணக்குப் போட்டேன். அடைப்புக்குள் இருப்பவை சிவப்பு, பச்சை, நீல அளவுகள்.

- வெள்ளையும் நேவி நீலமும் (0, 0, 128): 16:1
- வெள்ளையும் சாம்பல் கலந்த வெளிர் பச்சையும் (178, 172, 136): 2.3:1
- நடுத்தரச் சாம்பலும் (128, 128, 128) டீல் நீலப்பச்சையும் (0, 128, 128): 1.2:1
- அதே சாம்பலும் சுத்தச் சிவப்பும் (255, 0, 0): 1.01:1
- கறுப்பும் நேவி நீலமும்: 1.3:1

நான்காவது வரியைப் பாருங்கள். சாம்பல் அலமாரியில் பளிச்சென்ற சிவப்பு. ஷோரூம் விளக்கில் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஒளிர்வில் வேறுபாடு கிட்டத்தட்ட பூஜ்யம். புரை விழுந்த கண்ணுக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினமாகலாம். கடைசி வரியும் கவனிக்க வேண்டியது. நீல மேடைக்கு மேல் கறுப்பு கிரானைட் போடுகிறவர்கள் அதிகம். ஓரம் அதில் காணாமல் போகும்.

இந்தக் கணக்கு திரைக்கானது, மைக்காவுக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மை. பளபளப்பு, விளக்கு எல்லாம் சேர்ந்து மாறும். கட்டடங்களில் இதையே ஒரு பரப்பு எத்தனை சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று 0 முதல் 100 வரை அளக்கிறார்கள். அருகருகே உள்ள இரண்டு பரப்புகளுக்கு நடுவே 30 புள்ளி வித்தியாசம் வேண்டும் என்பது பிரிட்டிஷ் தரநிலையின் பரிந்துரை. நம் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2021ல் கொண்டுவந்த அணுகல்தன்மை வழிகாட்டுதல்களும் படிக்கட்டு ஓரம் போன்ற இடங்களில் நிற வேறுபாட்டைக் கேட்கின்றன. வீட்டுச் சமையலறைக்கு இதெல்லாம் சட்டம் இல்லை. ஆனால் தத்துவம் ஒன்றுதான். கண் தேடுவது முதலில் ஒளிர்வை, பிறகுதான் நிறத்தை.

அடுப்புக் கோலம்

‘நம் மரபில் எல்லாம் இருந்தது’ என்று முடிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. குனிந்தே சமைத்த, புகையில் கண் எரிந்த அந்தச் சமையலறைகளுக்குத் திரும்ப யாரும் விரும்பமாட்டார்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அங்கே பார்க்க வேண்டியது இருக்கிறது.

மண் அடுப்பை மெழுகி, அதன்மேல் அரிசி மாவில் இரண்டு இழை கோலம் போடுவார்கள். அறையில் மற்றதெல்லாம் புகையேறிய இருட்டு. வெள்ளை இருப்பது அடுப்பில் மட்டும். அது ஒன்றுதான் அந்த அறையின் ‘வேறு நிறம்’. போட்டவர் சமைக்கிறவர், பார்ப்பவரும் அவரே. அடர்ந்த தரையில் வெள்ளை என்பதால் விடியற்காலையிலும் தெரியும். மறுநாள் மெழுகினால் போய்விடும், புதிதாகப் போடலாம். வாசலில் வெள்ளைக் கோலத்தைச் சுற்றிக் காவி இழுப்பதும், சிவப்பு ரெட் ஆக்சைடு தரைக்குக் கறுப்பில் கரை கட்டுவதும் இதே புத்திதான். ஓரம் எங்கே என்று கண்ணுக்குச் சொல்வது.

கடப்பாக் கல்லும் கறுப்பு கிரானைட்டும் வந்த பிறகும் இது தொடர்ந்தது, யாரும் திட்டமிடாமலே. கறுப்பு மேடையில் எவர்சில்வர் பாத்திரம் பளிச்சென்று தெரியும், தேங்காய்த் துருவல் சிதறினால் தெரியும். வெள்ளைக் குவார்ட்ஸ் வந்ததும் அது போயிற்று. போனதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் ஹாலில் நின்று நீல மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கையோடு செய்யக்கூடியது

இன்டீரியர்காரரிடம் கையெழுத்துப் போடும் முன் மூன்று வேலை செய்யலாம்.

ஒன்று, மைக்கா மாதிரித் துண்டையும் மேல்கல் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போனில் படம் எடுத்து, கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம். போன் கேமரா துல்லியமான கருவி இல்லை, ஆனால் பெரிய தப்பைக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு, வேறு நிறம் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதை மேல்கல்லுக்குக் கொடுங்கள். வெளிர் அலமாரிக்கு அடர்ந்த கல், அடர்ந்த அலமாரிக்கு வெளிர்க் கல். சமைக்கிறவர் பக்கம் ஓரம் தெரிய வேண்டும். மிச்சம் இருந்தால் ஹால் பக்கப் பலகைக்கு.

மூன்று, ஹால் பக்கப் பலகைக்கு நீலம் வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் ஆசைப்பட்டால், தாராளமாகச் செய்யுங்கள், அழகும் ஒரு தேவைதான். ஆனால் அந்த ஒரு பலகையை மைக்கா ஒட்டாமல், கழற்றக்கூடியதாக, பெயின்ட் அடிக்கக்கூடியதாகச் செய்யச் சொல்லுங்கள். சில திருகாணிகள் கூடுதலாகும். மூன்று வருடத்தில் நீலம் அலுத்தால் பச்சை அடித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் முடிவு செய்யும்போது, தினமும் அங்கே நிற்கப்போகிறவரை ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள். ஸ்டூல் பக்கம் நிறுத்தாமல், மேடைக்குப் பின்னால் நிற்கவைத்து, என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.