கொல்லிப் பாவையும் கொல்லி மூதாட்டியும்: துன்பகாலப் புனைவும் கிறித்தவ நம்பிக்கையும்

கொல்லிமலை தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. வல்வில் ஓரி ஆண்டதும், அவனைக் கொன்ற காரி அம்மலையைச் சேரனுக்கு ஈந்ததும் அகநானூற்றால் நாம் அறிந்தவை. ஆயினும் ஓரியினும் மிகுதியாகப் புலவர் உள்ளத்தைக் கவர்ந்தது அம்மலையில் நின்றதாகக் கூறப்படும் பாவையே ஆகும். நற்றிணையின் 201ஆம் பாட்டில் தலைவன் தன் பாங்கனுக்கு மறுமொழி கூறுங்கால் தன் நெஞ்சைப் பிணித்தவளை அப்பாவையோடு வைத்துப் பேசுகின்றான். காற்றும் மழையும் இடியும் நில நடுக்கமும் அதன் வடிவைக் கெடுக்கமாட்டா என்பது பரணர் காட்டும் இயல்பு. பாவையின் பெருமை அது துன்பத்தை வென்றது என்பதன்று. துன்பம் அதனைத் தீண்டவில்லை என்பதே. இவ்வேறுபாட்டை ஈண்டு நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். இக்கட்டுரை ஆராயப் புகுந்தது இதனையே.

அதே மலையில் இருபதாம் நூற்றாண்டில் மற்றொரு பெண்ணின் கதை தோன்றியது. இலண்டனில் 1879இல் பிறந்து ஓவியம் பயின்ற ஈவ்லின் ஹாரிசு என்பவர் சமயப் பணியாளராகிய ஜெசி பிராண்டை 1913இல் மணந்து கொல்லிமலைக்கு ஏறினார். வாழவந்தியில் அவர்கள் வீடு கட்டினர். மருத்துவமும், தச்சும், செங்கல் அறுத்தலும், பழமரம் வளர்த்தலும், பிள்ளைகளுக்குக் கல்வியும் அவர்தம் தொழில்களாயின. மலேரியா மிகுந்த அம்மலையில் 1929 சூன் திங்களில் ஜெசி பிராண்டு கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். மனைவியார் மலையை விடவில்லை. சமயச் சங்கம் ஓய்வு கொடுத்த பின்னரும் மீண்டும் மலைகளுக்கே சென்று, கல்வராயன், பச்சைமலை முதலிய மலைத்தொடர்களில் குதிரை மீதும், முதுமையில் இரு மூங்கிற் கோல்களை ஊன்றியும் ஊர் ஊராகத் திரிந்து, 1974 திசம்பரில் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். கணவரின் கல்லறைக்கு அருகில் கொல்லிமலையிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்யும் அறுவை மருத்துவத்தில் வேலூரில் புகழ்பெற்ற பால் பிராண்டு இவர்தம் மகனாவார்.

இவ்வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக்கியவர் டாரதி கிளார்க்கு வில்சன் என்னும் அமெரிக்க அம்மையார். 'கிரானி பிராண்டு' என்னும் அந்நூல் 1976இல் வெளிவந்தது. மகனைப் பற்றி அவர் எழுதிய 'டென் பிங்கர்சு பார் காடு' 1965இல் வந்தது. வில்சன் முதற்கண் நாவலாசிரியர். மோசேயின் வாழ்வைக் கதைப்பொருளாகக் கொண்டு 1949இல் அவர் வெளியிட்ட நாவல் பின்னர்த் திரைப்படமொன்றிற்கும் பயன்பட்டது. ஆதலின் அவர் வரலாறு எழுதும்போதும் நாவலாசிரியரின் கை விலகவில்லை. எவரும் அருகிருந்து குறித்து வைக்காத உரையாடல்கள் வருகின்றன. மாந்தரின் உள்ளத்து எண்ணங்கள் அவர்தம் சொற்களிலேயே தரப்படுகின்றன. படிப்போர் நெஞ்சுரம் பெறுகின்றனர். அந்நெஞ்சுரம் எதிலிருந்து பிறந்தது? நடந்ததிலிருந்தா, புனைந்ததிலிருந்தா? நோயிலும் வறுமையிலும் இத்தகைய நூல்களைக் கையில் எடுப்போர் பலராதலின் இவ்வினாவைப் புறந்தள்ளுதல் ஆகாது. பொய்யான ஊன்றுகோல் தளர்ந்தவனுக்குத்தான் மிகுந்த கேடு செய்யும்.

புனைவு என்றவுடனே பொய் எனக் கொள்ளுதல் தமிழ் மரபன்று. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே புலனெறி வழக்கம் என்று தொல்காப்பியர் வகுத்தார். நாடக வழக்கு உலகியலை மறைக்கின்றதா, விளக்குகின்றதா என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டியது. கிறித்தவ இலக்கியத்தில் இதற்கு நம்மிடமே சிறந்த சான்று உண்டு. எச். ஏ. கிருட்டிணபிள்ளை வைணவக் குடியிற் பிறந்து 1858இல் கிறித்தவரானவர். 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். ஐந்து பருவங்களும் மூவாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட இக்காப்பியத்திற்கு மூலம் ஜான் பனியனின் மோட்சப் பயண நூல். அதன் முதற்பகுதி வெளிவந்தது 1678இல். பனியனோ தம் சமயக் கொள்கைக்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தவர். கதையோ முழுதும் புனைவு. அழிநகரத்தை விட்டு முத்திநகரம் நோக்கிச் செல்லும் பயணி எந்த ஊரிலும் வாழ்ந்தவனல்லன். ஆயினும் அவன் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே சேற்றில் வீழ்கின்றான். மலையேறும்போது இளைப்பாறப் புகுந்து உறங்கிக் கையிலிருந்த சுருளை இழக்கின்றான். உடன் வந்த உண்மைத் தோழன் சந்தை நகரில் கொல்லப்படுகின்றான். ஐயக் கோட்டையில் அடைபட்டு உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்றும் எண்ணுகின்றான். பிறகே தன் மடியிலேயே திறவுகோல் இருந்தது அவனுக்கு நினைவு வருகின்றது. சிறைக்குள் இருந்த ஒருவரே இத்திறவுகோலைப் படைக்க முடியும் என்று நாம் கருதுகின்றோம். பனியனின் சிறைக்கதவு அவ்வாறு எளிதில் திறக்கவில்லை என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கிருட்டிணபிள்ளை இக்கதையை மொழிபெயர்த்துவிட்டு அமையவில்லை. கம்பனில் தோய்ந்த அவர் பனியனில் இல்லாத ஒரு பெரும்பகுதியைக் குமார பருவத்தில் அமைத்தார். அது கிறித்துவின் பாடுகளை விரித்துரைக்கும் இரட்சணிய சரிதப் படலம். பயணியின் துன்பங்கள் யாவும் அத்துன்பத்தின் நிழலிலேயே பொருள் பெறவேண்டும் என்பது கவிஞரின் கருத்துப் போலும். இச்சேர்க்கையால் கதையோட்டம் தடைப்படுகின்றது என்று குறை கூறுவாரும் உளராகலாம். கதை தடைப்படுவது உண்மையே. எனினும் நம்பிக்கையின் அடிநிலை அங்குதான் இருக்கின்றது. இடையிடையே வைத்த தேவாரப் பாடல்களும் அவ்வாறே பயணியை நிறுத்தி அழவும் வேண்டவும் வைக்கின்றன. தேர்வுக்கெனச் சில படலங்களை மட்டும் நெட்டுருச் செய்யும் மாணவர்க்கு இந்நிறுத்தங்களின் பயன் புலப்படுவதில்லை. இது வேறொரு குறை.

இனி மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு கொல்லிமலைக் கதையை நோக்குவாம். அழுகைக்கு நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறுவன இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு. பெருமிதத்திற்குக் கூறுவன கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன. துன்பகாலத்தில் நம்பிக்கையூட்ட எழுதப்படும் கதைகளிற் பல அழுகையில் தொடங்கி நேரே உவகையில் முடிகின்றன. இழந்தது திரும்பக் கிடைக்கின்றது, பகைவன் மனம் மாறுகின்றான், நோய் தீர்கின்றது. இவ்வாறு இழவை அழித்துவிடும் கதை, இழந்தது திரும்பக் கிடைக்காத படிப்போனுக்கு என்ன சொல்லும்? அவன் நம்பிக்கை குறைவுடையது என்று சொல்லாமற் சொல்லிவிடும். சிறந்த கதை அழுகையிலிருந்து பெருமிதத்திற்குச் செல்வது. அங்கே இழவு இழவாகவே இருக்கும். அதனருகில் தறுகண்மையும் கொடையும் தோன்றும்.

இவ்வளவுகோலுக்கு ஏற்ற இடம், பிராண்டு குடும்பக் கதையில் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் பூசாரி நிகழ்ச்சி. பல ஆண்டுகள் அவர்கள் உழைத்தும் மலைவாணர் எவரும் கிறித்தவராகவில்லை. எதிர்த்து நின்றவருள் தலையாயவர் பூசாரி ஒருவர். கொள்ளைக் காய்ச்சல் பரவிய காலத்தில் பிராண்டு தம்பதியர் கஞ்சி காய்ச்சி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். காய்ச்சல் அப்பூசாரியையும் பற்றியது. இறக்கும் நிலையில் அவர் தம் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். அதன் பின்னரே மலைவாணர் சிலர் அவர்கள்பால் நெருங்கினர் என்பது வரலாறு. சமயப் பணியைப் போற்றும் மேடைகளில் இந்நிகழ்ச்சி வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகின்றது. காத்திருந்தனர், பயன் கண்டனர் என்று முடிகின்றது. இது கதையமைப்பின் குற்றமென்பது எம் முடிபு. ஆங்கு இழவு யாருக்கு உரியது? பூசாரிக்கே உரியது. தன் தெய்வத்தையும் தன் ஊரையும் காத்து நின்ற ஒருவன், தான் எதிர்த்தவரிடமே தன் மகவைக் கொடுக்க நேர்கின்றது. அவன் உள்ளத்தை எவரும் எழுதி வைத்திலர். புனைவுக்கு உரிமை உண்டெனில் அவ்வுள்ளத்தைப் புனையவே அவ்வுரிமை பயன்பட வேண்டும். அவனை வெற்றிக்கு ஒரு படியாக மட்டும் வைப்பது கிறித்தவ அன்பிற்கும் ஏலாது, நாடக வழக்கிற்கும் ஏலாது. ஈற்றில் அக்குழந்தை பசித்த வாயோடு வீட்டிற்கு வந்தது என்பதே அந்நிகழ்ச்சியின் மெய்ம்மை. ஏனையவை பிறகு வந்தவை.

வில்சன் இக்குற்றத்திற்கு முழுதும் ஆட்பட்டார் என்று நாம் கூறவில்லை. அவர் நூலில் சலிப்பும் பிணக்கும் இல்லாமலில்லை. சமயச் சங்கத்தோடு நேர்ந்த கருத்து வேறுபாட்டையும் அவர் மறைத்திலர். ஆயினும் வீர மூதாட்டி என்னும் உருவம் எழும்போதெல்லாம் அவர் எழுதுகோல் பாவை செய்யத் தொடங்கிவிடுகின்றது. காற்றும் மழையும் தீண்டாத ஒருத்தி நம்முன் நிற்கின்றாள். வியக்கின்றோம், நம்மைப் போன்றவள் என்று எண்ண இயலவில்லை.

மகன் தரும் சான்று இதற்கு மாறானது. தந்தை இறந்தபின் இங்கிலாந்திற்கு வந்த தாயைக் கண்டபோது, முதுகு வளைந்து நரைத்து நின்ற அவரைத் தம் தாய் என்று ஏற்கவே தமக்குச் சிறிது நேரமாயிற்று எனப் பால் பிராண்டு எழுதியுள்ளார். இறுதி இருபதாண்டுகளில் தாயார் தம் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்பதும் அவர் தரும் செய்தியே. ஓவியம் பயின்ற கண் தன் முகத்தைக் காண வேண்டாவென விலக்கியது. கொல்லிப் பாவையின் உருவம் மாயாதது. கொல்லி மூதாட்டியின் உருவமோ காற்றாலும் வெயிலாலும் காய்ச்சலாலும் கணவன் சாவாலும் தேய்ந்து போனது. அத்தேய்வைச் சொல்லும் ஓரிரு பக்கங்கள் நமக்குத் தரும் ஊக்கத்தை, தேயாத வீரத்தைப் பாடும் பல பக்கங்கள் தரவில்லை. முற்றும் புனைந்த பனியனின் பயணி சேற்றில் வீழ்வதால் மெய்யாகின்றான். முற்றும் மெய்யான ஈவ்லின் அம்மையார், வீழாதவராக எழுதப்படும்பொழுது புனைவாகிவிடுகின்றார். புனைவு, வரலாறு என்னும் பாகுபாட்டினும் இவ்வேறுபாடு பெரிது.

தமிழில் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளையும் கிறித்தவரே. அவர் நாவலைச் சமயமாற்றக் கதையாக்கவில்லை. நகையும் அறமும் கலந்து எல்லார்க்கும் பொதுவாக எழுதினார். நம் கிறித்தவப் புனைகதைகளின் வேர்களுள் ஒன்று அங்கும் உண்டு. அதனைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

புனைவின் துணையின்றியே புனைவுக்கு இலக்கணமாக நிற்கத்தக்க செய்தி ஒன்று பிராண்டு குடும்ப வரலாற்றில் உண்டு. பால் பிராண்டு ஒன்பது வயதில் கல்விக்காக இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்டார். அதன்பின் தந்தையைக் காணவில்லை. 1929இல் தந்தையின் மறைவை அறிவித்த தந்தி விரைந்து வந்துவிட்டது. மடல்களோ கப்பலில் வருவன. ஆகவே இறந்த தந்தையிடமிருந்து மேலும் சில வாரங்கள் மடல்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றில் தந்தை, காற்று வீசும் மலையுச்சியில் சென்றபோது கண்ட காட்சிகளையும், இறைவன் படைத்த உலகில் மகிழ்தல் நன்று என்பதையும் மகனுக்கு எழுதியிருந்தார். தம் சாவு அவருக்குத் தெரியாது. ஆதலின் அம்மடலில் சாவைக் குறித்த தேறுதல் மொழி ஒன்றுமில்லை. மலையும் மரமும் காற்றுமே இருந்தன. எழுதியவர் இல்லை என்பதை அறிந்தே அச்சிறுவன் அதனைப் படித்தான்.