தமஸ்: சமாதானக் கமிட்டியும் ராஜோவின் கதவும்

பீஷ்ம சாஹ்னி என்னும் வடநாட்டு எழுத்தாளர் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தமஸ்' என்ற இந்தி நாவலை நமது வாசகர்களிற் சிலர் அறிந்திருக்கலாம். தமஸ் என்றால் இருள். ஆசிரியர் 1915-இல் ராவல்பிண்டியிற் பிறந்தவர். 1947 மார்ச்சு மாதத்தில் அச்சில்லாவின் கிராமங்கள் எரிந்தபோது நிவாரணத் தொண்டு செய்தவர். கண்ட காட்சிகளை இருபதாண்டுகளுக்கு மேல் மனத்தகத்தே பூட்டி வைத்திருந்தார். 1970-இல் பம்பாய்க்கருகே பிவண்டியில் மூண்ட கலகத்தின் சாம்பலை நேரிற் கண்ட பின்னரே பேனாவை எடுத்தார். 1975-இல் சாகித்திய அகாதெமி இந்நூலுக்குப் பரிசளித்தது. 1988-இல் இது தொலைக்காட்சித் தொடராக வந்தபோது தடை கோரி வழக்காடினர், நீதிமன்றம் இணங்கவில்லை.

நாத்து என்பவன் தோலுரிக்கும் தொழிலாளி; சாமர் என்று ஊரார் ஒதுக்கி வைத்த சாதியிற் பிறந்தவன். முராத் அலி என்பவன் அவன் கையில் ஐந்து ரூபாயைத் திணித்து, ஒரு பன்றியைக் கொன்று தரும்படி ஏவுகிறான். கால்நடை வைத்தியருக்குத் தேவை என்பது சொல்லப்படும் காரணம். இரவெல்லாம் அப்பன்றியோடு போராடுகிறான் நாத்து. விடிந்தபின் அதன் பிணம் மசூதிப் படியிற் கிடக்கிறது. அடுத்து ஒரு பசு வெட்டப்படுகிறது. பின்னர் ஊரே பற்றி எரிகிறது. "கேள்வி கேளாதே, சொன்னதைச் செய்" என்னும் குரலைத் தோட்டத்து லயங்களில் வளர்ந்த நம்மவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டுமோ?

ரிச்சர்ட் என்னும் ஆங்கில அதிகாரியைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. புத்தர் சிலைகளையும் புதைபொருள்களையும் ஆராயும் படிப்பாளி அவன். ஊர்ப் பெரியோர் வந்து முறையிடும்போது கையை விரிக்கிறான். கிராமங்கள் எரிந்து முடிந்தபின் ஆகாய விமானத்தைப் பறக்க விடுகிறான். அன்னியன் பிரித்தாண்டான் என்று மட்டும் எழுதி ஆசிரியர் நின்றிருப்பாராயின், நூல் மேடைப் பிரசங்கமாய் முடிந்திருக்கும். அவர் நிற்கவில்லை, நம் பக்கமும் திரும்புகிறார்.

ஷாநவாஸ் என்றொரு செல்வர். இந்துவாகிய ரகுநாதனுக்கு உயிர்த் தோழர். அக்குடும்பத்தைக் கலகத்தினின்றும் காத்தவர். நண்பனுடைய மனைவியின் நகைப்பெட்டியை எடுத்துவர அவர்களது பூட்டிய வீட்டுக்குத் தாமே போகிறார். அங்கே காவலிருப்பவன் மில்கி என்னும் ஏழை வேலைக்காரன். பெட்டியோடு திரும்பும் வேளையில், தெருவிற் கண்ட காட்சிகளால் உள்ளே குமுறிய வெறி பொங்க, அவ்வேழையைப் படிக்கட்டிலிருந்து உதைத்துத் தள்ளுகிறார். நகை நண்பனிடம் பத்திரமாய்ச் சேர்கிறது, மில்கி சாகிறான். ஷாநவாஸின் நட்பு பொய்யன்று. ஆனால் அது மாளிகைக்கும் மாளிகைக்கும் இடையே போட்ட பாலம். கீழே நிற்பவன் அதில் ஏற முடியாது. இந்து முஸ்லிம் நட்பைப் பாடிய நூல்கள் பல உள. இந்த உண்மையை இத்துணைக் குளிர்ந்த முகத்தோடு கூறிய வேறொரு நூலை நாம் கண்டதில்லை.

இதற்கு எதிரே ராஜோ என்னும் முஸ்லிம் கிராமத்துப் பெண்ணை நிறுத்துகிறார் ஆசிரியர். தேநீர்க்கடை நடத்திய கிழச் சீக்கியர் ஹர்நாம் சிங்கும் அவர் மனைவி பந்தோவும் ஊரைவிட்டு ஓடி, இரவெல்லாம் நடந்து, முன்பின் அறியாத அவள் கதவைத் தட்டுகின்றனர். தன் வீட்டு ஆண்கள் கொள்ளைக்குப் போயிருப்பது அவளுக்குத் தெரியும். தயங்குகிறாள், பிறகு கதவைத் திறக்கிறாள். சிறிது நேரத்தில் அவள் கணவன் சுமந்து வரும் பெட்டியோ ஹர்நாம் சிங்கினுடையதே! பூட்டை உடைக்க முயல்கையில், ஒளிந்திருந்த கிழவர் சாவியைத் தாமே கொடுக்கிறார். அடைக்கலம் தந்த வீடும் கொள்ளையடித்த வீடும் ஒன்றேயென்று காட்டும் இவ்விடம் நாவலின் சிகரம். ராஜோ ஒற்றுமை என்ற சொல்லையே உச்சரிப்பதில்லை. வாசலுக்கு வந்தவரைத் துரத்தலாகாது. அவ்வளவே அவள் அறிந்தது. அன்றிரவு அவர்களை ஊரெல்லைவரை கொண்டுவிட்டு, அவர்கள் நகைகளையும் திருப்பித் தருகிறாள்.

எல்லாம் அடங்கியபின் சமாதானக் கமிட்டி பிறக்கிறது. பிரமுகர்கள் கூடுகின்றனர், யார் யாருக்கு எத்தனை இடம் என்ற சச்சரவும் எழுகிறது. ஒற்றுமைக் கோஷத்தோடு ஒரு பேருந்து புறப்படுகிறது. அதன் முன்னாசனத்தில் ஒலிபெருக்கி பிடித்து முழங்குபவன் யார்? அந்த முராத் அலியே.

கமிட்டிகளை நாம் இகழவில்லை. 1964-இல் சிங்கப்பூர்க் கலகத்தின்பின் அமைந்த நல்லெண்ணக் குழுக்கள் வதந்தியை அடக்கப் பாடுபட்டன. 1969 மே 13-க்குப் பின் மலேசியாவிலும் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையில் நல்லெண்ணப் பணி நடந்தது. ஆயினும் 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவை அடுத்த கம்போங் மேடானில் 6 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் இந்தியர். நெருங்கிய குடிசைகளில் வாழ்ந்த ஏழைகளிடையே மூண்ட கலகம் அது. அவ்வீடுகளில் வாழ்வோருள் எத்தனை பேருக்கு நல்லெண்ண விருந்துகளில் நாற்காலி கிடைக்கிறது? பக்கத்து வீட்டாரின் பெயரும் பாஷையும் அறிந்து, பிணம் விழுந்த வீட்டுக்கு மதம் பாராது போய்வரும் பழக்கம் ஒரு வரிசை வீடுகளில் இருந்தால், வதந்தி வரும் இரவில் தட்டுவதற்கு ஒரு கதவேனும் இருக்கும். கலகம் மூண்டபின் தீர்மானம் போட்டு அப்பழக்கத்தை உண்டாக்க இயலாது.

நூலில் ஒரு குறை நம்மை உறுத்துகிறது. நாத்து நடுவிலேயே பார்வையை விட்டு மறைகிறான். பன்றியோடு அவன் போராடிய அந்த ஓரிரவுக்குப் பக்கம் பக்கமாக இடந் தந்த ஆசிரியர், அவன் இறந்ததைப் பேருந்து புறப்படும் வேளையில் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். உயிரோடிருந்தால் முராத் அலியை அடையாளங் கண்டிருப்பான் என்பதற்காகவே அதுவும் சொல்லப்படுகிறது. சாட்சி இல்லாமற் போவதே கலகத்தின் இயல்பென்று ஆசிரியர் கருதியிருக்கலாம். இருப்பினும், அவன் எங்கே, எப்படி, யார் கையால் மடிந்தான் என்று கேட்கும் உரிமை அவனைப்போல் கூலிக்கு உழைத்து வந்த நமக்குண்டு. நாவலின் ஈற்றில் நிவாரண அலுவலகத்து எழுத்தர் இழப்புகளை எண் எண்ணாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். நாத்துவின் பெயர் அந்தப் பேரேட்டில் ஏறியதா என்று ஆசிரியர் நமக்குக் காட்டவில்லை.