அரங்கும் கவறும்

பலகைமேற் காய் வைத்தாடும் ஆட்டங்களைப் பற்றித் தமிழிலக்கியம் கூறுவனவற்றைத் தொகுத்துரைக்கப் புகுவோர், பெரும்பாலும் அவற்றைச் ‘சூது’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கிவிடுதலைக் காண்கிறோம். வட்டும் வல்லும் கவறும் தாயமும் ஆடுபுலியும் ஆண்டு ஒருங்கே நிறுத்தப்பெறும். திருக்குறளின் 94ஆம் அதிகாரம் அவற்றிற்கெல்லாம் பொதுத் தீர்ப்பாக எடுத்தோதப்பெறும். புதுச்சேரியினின்று கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில், சுண்ணாம்பாற்றங்கரையில் உள்ளது நோணாங்குப்பம். அவ்வூரில் ஒரு வீட்டுத் திண்ணையிற் பாட்டனும் பெயர்த்தியும் சுண்ணக்கட்டியாற் கோடு கீறி ஆடுபுலி ஆடுவாராயின், அயல்வீட்டார் சிலர் ஆட்டுக்கும் சிலர் புலிக்குமாகக் கட்சி பிரிந்து வழி சொல்வாராயின், அதனை எவ்வதிகாரத்துள் வைத்து எண்ணுவது? பணயம் இல்லை, உருட்டுங் காய் இல்லை, தோற்றவர் இழப்பது ஒன்றும் இல்லை. வினா சிறிதெனத் தோன்றலாம். ஆயினும், நம் பழம்பாடல்கள் சிலவற்றை நாம் படித்துவரும் முறையையே அது தொடுகின்றது. சங்கச் சான்றோர் பெரும்பாலும் இவ்வாட்டங்களில் நோக்கியது அரங்கினை. பிற்காலத்தார் நோக்கியது கவற்றினை. இரண்டும் ஒன்றெனக் கொண்டமையாற் பாடல்களின் பொருள் குறைவுற்றது என்பதே ஈண்டு நிறுவப்படுவது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். தொல்காப்பியர் எழுத்ததிகாரப் புள்ளிமயங்கியலில் ‘வல்’ என்னும் பெயருக்குப் புணர்ச்சி கூறுமிடத்து, அதன்பின் ‘நாய்’, ‘பலகை’ என்னும் இரு சொல்லும் வருங்கால் உகரங் கெட்டு அகரம் நிற்றலும் உண்டு என்கிறார். வல்லுநாய் வல்லநாய் எனவும், வல்லுப்பலகை வல்லப்பலகை எனவும் வரும். இருசொற்கெனத் தனிவிதி வகுக்க வேண்டிய அளவிற்கு இத்தொடர்கள் மக்கள் வாயிற் பயின்றிருந்தன என்பது தெற்றெனப் புலனாம். விதி கூறியவர் பணயத்தையோ வெற்றியையோ குறிக்கும் சொல்லை எடுத்துக்கொண்டாரல்லர். காயையும் பலகையையுமே எடுத்துக்கொண்டார். காயின் பெயரோ நாய்.

உயிரில்லாத காய்க்கு உயிருள்ள ஒன்றன் பெயரிட்டு ஆடுதல் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டினராகிய பொல்லக்சு என்னும் கிரேக்கச் சொற்றொகுப்பாளர், பலகைக்கு ‘நகர்’ என்றும் காய்க்கு ‘நாய்’ என்றும் பெயருடைய ஓர் ஆட்டத்தைக் குறிப்பிடுகின்றார். நோணாங்குப்பத்திற்கு அணித்தாக, அரியாங்குப்பத்தாற்றங்கரையில், அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் நிகழ்த்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல்நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகளும் இத்தாலிய மட்கலவோடுகளும் கிடைத்தமை அறிஞர் அறிந்ததே. இவ்விரண்டையும் இணைத்து, நாய் கப்பலேறி வந்தது என எழுதிவிடும் ஆர்வம் எவர்க்கும் எழும். ஒப்புமை காட்டுதல் வேறு, கடன் நிறுவுதல் வேறு ஆதலின் அவ்வார்வத்தை ஈண்டே நிறுத்துவோம்.

இனிப் பாடல்கள். நற்றிணையின் மூன்றாம் பாட்டில் இளங்கீரனார் காட்டும் அரங்கு வேம்பின் புள்ளிபட்ட நிழலில் உள்ளது. பொன்னுரைக்கும் கட்டளைக்கல்லிற் பட்ட கீற்றுப்போலத் தரையிற் கோடிழைத்து, நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு சிறுவர் ஆடுகின்றனர். ஊரோ வில்லே ஏராக வாழும் மறவரது சீறூர். வழியோ கொடிய சுரம். பொருள்வயிற் பிரிந்து அவ்வழிச் சென்ற தலைவன், மாலை வந்துற்றபோது, மனையில் விளக்கேற்றி நின்று வருந்தும் தலைவியை நினைந்தான். சுரத்தின் கடுமை கூறும் பாட்டில் இவ்விளையாட்டு எற்றுக்கு? வெறும் நிலவருணனை என்பர். அற்றன்று. பிறர்க்குத் துன்பஞ்செய்து வாழும் ஊரிலும் ஒரு வரையறைக்குட்பட்டு ஆடுவோர் சிறுவரே. அவரது கோடு கண்ட கண்ணுக்கே மனையின் ஒழுங்கு நினைவில் எழுகின்றது. அச்சிறுவர்க்குப் புலவர் இட்ட அடை ‘கல்லா’ என்பது. இவ்வடையை நினைவிற்கொள்க; பின்னர் வேண்டப்படும்.

அகநானூற்று 377ஆம் பாட்டில் ஆடுவோர் முதியோர். நடுங்குந் தலையைத் தாழ்த்திக் ‘கவைமனத்து’ அவர் வல்லாடிய பொதியில், இன்று சிதலை அரித்துப் பாழாய்க் கிடக்கின்றது. ‘கவைமனம்’ என்னும் தொடரைக் கவலையுற்ற மனம் எனப் பொதுவாகக் கூறி அமைதல் போதாது. கவை என்பது கிளைபிரிவது. இக்காயை நகர்த்தின் அவன் அக்காயை நகர்த்துவான், அக்காயை நகர்த்தின் இவ்வழி அடைபடும் என இருகிளைப்பட்டு நிற்கும் மனமே அது. சூழ்ச்சி ஆட்டத்தின் அகநிலையை இதனினும் சுருங்கச் சொன்னார் எவருமிலர் என்பது எம் துணிபு. பணயம் வைத்தவன் மனம் கவைப்பதன்று. ஒன்றன்மேலேயே ஊன்றி நிற்பது.

புறநானூற்று 52ஆம் பாட்டே இவற்றுள் தலையாயது. பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியை மருதன் இளநாகனார் பாடியது. குகையை வெறுத்து, சோம்பல் முரித்தெழுந்து, ஊன் வேட்கை உந்தத் தான் வேண்டிய திசையிற் செல்லும் புலியொடு வேந்தனை உவமித்துப் பாட்டுத் தொடங்குகின்றது. முடிவிலோ பகைவர் நாட்டின் பாழ்பட்ட பொதியில் காட்டப்படுகின்றது. தூணின் கடவுள் நீங்கிற்று, பலி ஒழிந்தது, நரைத்த முதியோர் நாயிட்டு நாயிட்டுக் குழிந்துபோன வல்லின் மனையகத்தில் இன்று காட்டுக்கோழி முட்டையிட்டு நிறைக்கின்றது. பழைய உரை வல்லினைச் சூது என்றே கொண்டு செல்லும். அங்ஙனங் கொள்ளின், பாழானது ஒரு சூதாடுகளம் என்றாகி, அஃது அழிந்தது நன்றே எனப் படிப்போர் எண்ணவும் இடமுண்டாகும்! புலவர் கருத்து அதுவாகாது. குழிந்தது என்னும் ஒரு சொல்லில் எத்துணைத் தலைமுறை அடங்கியிருக்கின்றது என்பதை நோக்குக. காய் வைத்துவைத்துக் குழிய வேண்டுமாயின், மாலைதோறும் ஆண்டுக்கணக்கில் ஊரார் ஆண்டுக் கூடியிருத்தல் வேண்டும். கடவுளும் பலியும் வல்லும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டமையால், வல்லும் ஊரின் வாழ்வுக்கு அடையாளமாகவே நின்றது என்க. எல்லையின்றித் திரியும் புலி பாட்டின் தலைப்பில். எல்லை வகுத்து ஆடிய பலகை அதன் இறுதியில். புகழ்ப்பாட்டென வகுக்கப்பெற்ற இதனுள் இரங்கற்குரல் ஒலிப்பது இவ்விரண்டன் முரணாலேயாம்.

இம்மூன்று பாட்டிலும் வென்றவன் யார் என்பது இல்லை. வைத்த பொருள் யாது என்பதும் இல்லை. அரங்கும், அதனைச் சூழ்ந்தோரும், அவர் போனபின் அது கிடக்கும் நிலையுமே உள்ளன.

இதற்கு மாறாவது கலித்தொகையின் 136ஆம் பாட்டு. நல்லந்துவனாரது நெய்தற்கலியைச் சார்ந்த அதனுள், அலைமோதும் மணல்மேட்டில் நண்டு ஓடிய வரிகள், கழகத்திற் கவறு உருண்ட வடுவை ஒக்கும் என்கிறார். சுண்ணாம்பாறு கடலொடு கலக்குமிடத்து மணலைக் கண்டார்க்கு இவ்வுவமையின் உண்மை விளங்கும். தலைவன் அருளியபோது தலைவி பத்தென்னும் பெருந்தாயம் பெற்றவனைப்போல் மகிழ்ந்தாள். அவன் நீங்கியபோது சிறுதாயம் இட்டவனைப்போல் வருந்தினாள். கவறு கண்ட கண்ணிற்கு அரங்கு மறைதல் இங்கேயே தொடங்குகின்றது. ஈண்டு ஆடுவார் கையில் ஒன்றுமில்லை, வீழ்ந்ததே விதி. தலைவியின் நிலையும் அதுவே ஆதலின் உவமை மிகப் பொருந்துகின்றது. கவறு கைப்பட்டார்க்குச் சூழ்ச்சி இல்லை என்பதைச் சான்றோர் அறிந்தே அமைத்தனர் போலும்.

வள்ளுவர்பால் வருவோம். சூது அதிகாரத்தில் வெற்றியையும் மீன் விழுங்கிய தூண்டிலிரும்பொடு ஒப்பிட்டு விலக்குகின்றார். அவரே கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில், நூலறிவின்றி அவையிற் பேசுதல் அரங்கிழையாது வட்டாடியது போலும் என்கிறார். வட்டாடுதல் இழிவாயின், அரங்கின்மை ஒரு குறையாதல் யாங்ஙனம்? அரங்கு ஈண்டு நிரம்பிய நூலுக்கு உவமையாயிற்று. பரிமேலழகர் இக்குறளுக்கு நற்றிணையின் மேற்காட்டிய பாட்டையே சான்றாக எடுத்தாள்கின்றார், அதனொடு அமைந்துவிடுகின்றார். அவர் சொல்லாது விட்டதொன்று உண்டு. நற்றிணைச் சிறுவர் கல்லாதவர். எனினும் கோடிழைத்த பின்னரே ஆடினர். வள்ளுவர் பழிக்கும் கல்லாதவனோ கோடின்றியே ஆடப் புகுந்தான். சிறுவர் அறிந்த முறையையும் அறியாதவன் அவன் என்னும் ஏளனம், இரு நூலையும் அருகருகே வைத்தால் வெளிப்படும்.

இதற்கொரு தடை எழும். சூது அதிகாரத்தின் ஐந்தாங்குறள் கவற்றையும் கழகத்தையும் மட்டுமன்றிக் ‘கை’யையும் விலக்குகின்றதே, திறனும் விலக்கப்பட்டதன்றோ எனின், அன்று. கை என்பது அவ்வாடற்கு வேண்டுங் கைத்தொழில் என்பது பரிமேலழகர் உரை. காயைக் கரவாக உருட்டுங் கைப்பழக்கமே ஆண்டுக் குறிக்கப்படுவது. கவைத்த மனத்தின் சூழ்ச்சி அன்று.

கவற்றின் நோக்கு முற்றுப்பெற்றது பாரதக் கதையில். பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த 1908 முதல் 1918 வரையிலான காலத்திலேயே பாஞ்சாலி சபதம் எழுந்தது. அதன் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. நம் இலக்கியத்துட் சுற்றத்தார் கூடி ஆடிய ஆட்டங்களுள் பெரியது இதுவே என்பது கசப்பான உண்மை. மண்டபங் காண வருக என உறவு சொல்லி அழைத்துப் பங்காளிகள் ஆடினர். அச்சூதாட்டச் சருக்கத்தில் வைத்தவை ஒவ்வொன்றும் விளங்கத் தோன்றும்; நாடும் தம்பியரும் போவது தோன்றும்; அரங்கு மட்டும் ஏறத்தாழப் புலப்படுவதேயில்லை. இது கவியின் குறையன்று. அரங்கை நோக்குவார் அவ்வவையில் எவருமிலர் என்பதே அவர் காட்டியது. சகுனி பிறன்பொருட்டு உருட்டுகின்றான். தருமன் தனதல்லாததைப் பணயமாக்குகின்றான். ‘தாயம்’ என்னும் சொல் காயின் வீழ்ச்சியையும் குடும்ப உரிமையையும் ஒருங்கே உணர்த்துவது ஈண்டு நினையத்தக்கது. ஆயினும் இக்காட்சியைக் கொண்டு திண்ணை ஆட்டம் அனைத்தையும் அளத்தல், தீப்பற்றிய ஊரைக் கண்டவன் அடுப்பையும் அஞ்சுதல் போல்வது.

ஆடுபுலியை அளக்க வேண்டிய கோல் வேறு. முதல், கரு, உரி எனப் பொருளதிகாரம் பாட்டுக்கு வகுத்தது இதற்கும் பொருந்தும். இருபத்துமூன்று புள்ளியும் அவற்றை இணைக்குங் கோடும் நிலம்; மாறிமாறி வரும் முறை பொழுது. புலி 3, ஆடு 15 என்பன கரு. உரிப்பொருள் கருவினின்றே பிறக்கின்றது. புலி தாவும், உண்ணும். ஆடு உண்ணாது, ஒன்றையொன்று ஒட்டி நின்று வழியடைக்கும். பதினைந்தும் வைத்து முடியுமுன் ஓர் ஆடும் நகரலாகாது. கருப்பும் வெள்ளையும் எனப் பெயரிட்டாலும் விதி நடக்கும். விதிக்குரிய காரணம் மறையும். பரமபத சோபானத்திலோ கருப்பொருள் மலிந்துள்ளது. பாம்பும் ஏணியும் நல்வினை தீவினைகளாய் நிற்கும். வைகுண்ட ஏகாதசி இரவிற் கண்விழித்து ஆடுவார்க்கு அது துணை. ஆனால் ஆடுவான் தெரிந்து செய்வது ஒன்றுமில்லை. கவறு இழுத்த வழியே செல்வான். கருவிருந்தும் உரியில்லாத பாட்டு அது.

இக்கோலை இக்காலத்துப் பெட்டி ஆட்டங்கள் மீதும் வைத்துப் பார்க்கலாம். செருமானியராகிய கிளவுசு டொய்பர் வகுத்து 1995இல் வெளியான ‘கட்டான்’ அவற்றுட் பெயர்பெற்றது. ஒரு தீவிற் குடியேறுவோர் மரம், செங்கல், கம்பளி, தானியம், கனிமம் என்பவற்றைத் தம்முள் மாற்றிக்கொண்டு ஊரும் வழியும் சமைக்கின்றனர். விளைவைக் கவறு தரினும், அதனைக் கொண்டு செய்வது ஆடுவோர் பேச்சில் உள்ளது. நெல்லுக்கு நேர் உப்பென விலை கூறிய நெய்தல் மகளிரை அறிந்தார்க்கு இப்பண்டமாற்று அயலன்று. குடும்பத்தார் சுற்றியிருந்து பேரம் பேசுதலில் இதன் உரிப்பொருள் செவ்வனே அமைந்தது எனலாம். கருப்பொருளிலோ ஓர் ஐயம் உண்டு. குடியேறுவோர் வருமுன் அத்தீவில் எவருமிலர். 1954 வரை பிரஞ்சுக்காரர் ஆண்ட ஊரினர்க்கு, ஆளற்ற கரையில் வந்திறங்குவோர் கதை அத்துணை எளிதாய் விழுங்கத்தக்கதன்று. இளநாகனார் தம் பாட்டுடைத் தலைவன் அழித்த ஊரிலும், முன்னிருந்தோர் நாயிட்ட குழியைக் காட்டிச் சென்றார். இப்பலகையிலோ அத்தகைய குழி ஒன்றும் இல்லை.