கோட்டின் நீளமே காலம்

'ஃப்ளைட் கன்ட்ரோல்' ஆடச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். மேலிருந்து பார்த்தபடி ஒரு விமான நிலையம். திரையின் நாலு பக்கத்திலிருந்தும் விமானங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒன்றின் மேல் விரலை வைத்து இழுத்தால், இழுத்த வழியே அது பறக்கும். சிவப்பு ஜெட் சிவப்பு ஓடுபாதைக்கு, மஞ்சள் சிறுவிமானம் மஞ்சள் ஓடுபாதைக்கு, நீல ஹெலிகாப்டர் தன் தளத்துக்கு. இரண்டு விமானங்கள் உரசினால் ஆட்டம் முடிந்தது. இறங்கியவை எத்தனை என்பதுதான் மதிப்பெண். இரண்டாவது உயிர் கிடையாது, சலுகை கிடையாது. இவ்வளவு குறைந்த விதிகளுக்குள் இவ்வளவு ஆழம் கொண்ட இன்னொரு தொடுதிரை ஆட்டத்தை நான் கண்டதில்லை.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலிருந்த ஃபயர்மின்ட் நிறுவனம் 2009 மார்ச்சில் இதை ஐபோனுக்கு வெளியிட்டது. நிறுவனத்தை நடத்திய ராபர்ட் மர்ரே விடுமுறைக்காலத்தில், வேறு பெரிய வேலைக்கு நடுவே ஓய்வாகச் செய்து பார்த்தது இது. ஒரு டாலருக்கும் குறைந்த விலைக்கு வந்து பல லட்சம் பேர் கையில் போய்ச் சேர்ந்தது.

வான்வெளிக் கட்டுப்பாட்டை ஆட்டமாக்குவது அதற்கு முன்பே இருந்த வழக்கம்தான். 1985இல் ஆண்டி ஹாலிஸ் மைக்ரோப்ரோஸுக்காக உருவாக்கிய 'கென்னடி அப்ரோச்' விமானிகளைக் கணினிக் குரலில் பேசவே வைத்தது. யூனிக்ஸ் கணினிகளில் 'ஏடிசி' என்றொரு ஆட்டம். விமானங்கள் வெறும் எழுத்துகளாக நகரும், ஆடுபவர் விசைப்பலகையில் ஆணைகளைத் தட்ட வேண்டும். அவற்றில் ஆடுபவர் வேலை ஆணையிடுவது: இந்தத் திசைக்குத் திரும்பு, இந்த உயரத்துக்கு இறங்கு. மர்ரே ஆணை என்பதையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோட்டை வைத்தார். அவருடைய மேதைமை முழுவதும் எனக்கு இந்த ஒரு மாற்றத்தில் தெரிகிறது.

புதிதாக ஆடுகிறவர் கோட்டைப் பாதை என்று மட்டும் நினைக்கிறார். விமானத்திலிருந்து ஓடுபாதைக்கு நேராக ஒன்று இழுப்பார். நாலைந்து விமானம் வரைக்கும் அது செல்லும். அதற்குமேல் எல்லாக் கோடுகளும் ஓடுபாதையின் வாயில் ஒரே சமயத்தில் வந்து குவியும். ஓடுபாதைக்குள் ஒரு முனை வழியாகத்தான் நுழைய முடியும் என்பதால் நெரிசல் எப்போதும் அந்த வாயில்தான். அங்கே நாலு தடவை அடிபட்டவருக்குப் பிறகு ஒரு கணத்தில் புரிந்துவிடும்: விமானத்தின் வேகம் மாறுவதில்லை, ஆகவே கோட்டை எவ்வளவு நீளமாக வரைகிறோமோ அவ்வளவு தாமதமாக அது வந்து சேரும். ஒரு வளைவு கூடுதலாகப் போட்டால் முன்னால் போகிறவருக்கு வழி கிடைக்கிறது. கோடு இடத்தைக் காட்டுகிறது. அதன் நீளம் நேரத்தைக் காட்டுகிறது. விரல் ஒரே இழுப்பில் இரண்டையும் எழுதுகிறது. இது பிடிபட்ட பிறகு ஆடுவது வேறு ஆட்டம்.

மிருதங்கக்காரர் கோர்வை வைக்கும்போது நடப்பதும் இதுதான். எங்கே போய் விழ வேண்டும் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணித்தான் எங்கே தொடங்குவது, நடுவில் எத்தனை கார்வை (இடைவெளி) விடுவது என்று தீர்மானிக்கிறார். கைதேர்ந்த ஆட்டக்காரரும் விமானத்தைப் பார்த்து வரையத் தொடங்குவதில்லை. ஓடுபாதையின் வாயைப் பார்த்து, அங்கே அடுத்த காலியிடம் எப்போது வரும் என்று மனத்தில் எண்ணி, அந்தக் கணக்குக்குத் தேவையான நீளத்தைப் பின்னோக்கி விரிக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் விமானங்கள் சீரான இடைவெளியில் ஒவ்வொன்றாக இறங்குவது தாளம் போலவே இருக்கும்.

உண்மையான கட்டுப்பாட்டாளருக்கு உயரம் என்ற இன்னொரு பரிமாணம் உண்டு. லண்டன் ஹீத்ரோவுக்கு வரும் விமானங்களைக் காத்திருக்க வைக்க நாலு இடங்கள் இருக்கின்றன: பொவிங்டன், லாம்போர்ன், ஒக்கம், பிக்கின். ஒவ்வொன்றிலும் 1,000 அடி இடைவெளியில் ஒன்றின்மேல் ஒன்றாக அவை சுற்றிக்கொண்டிருக்கும். மர்ரேயின் வானத்துக்கு உயரமே இல்லை. அடுக்கி வைக்க வழியில்லாததால் காத்திருப்பு முழுவதையும் தட்டையாகப் பரப்பித்தான் ஆக வேண்டும். இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் ஆட்டத்தின் அழகு. உயரத்தை எடுத்ததால் காலம் கண்ணுக்குத் தெரிகிறது.

தட்டையான காத்திருப்பு வெறும் விளையாட்டுச் சங்கதியும் இல்லை. விமானத்தைச் சுற்றவிடாமல், ஓடுபாதைக்கு இணையாகப் போகும் பாதையைக் கொஞ்சம் நீட்டி இடைவெளி உண்டாக்குவது கட்டுப்பாட்டாளர்களின் பழைய கைப்பழக்கம். யூரோகன்ட்ரோல் அமைப்பு வகுத்து, 2011இல் ஆஸ்லோவிலும் அடுத்த ஆண்டு டப்ளினிலும் நடைமுறைக்கு வந்த 'பாயின்ட் மெர்ஜ்' முறை அதை இன்னும் சீராக்கியது. ஒரு புள்ளியிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் வளைவாகப் பாதை போடுவார்கள். வளைவில் எங்கே இருந்தாலும் புள்ளிக்குத் தூரம் ஒன்றுதான். முன்னால் போகிறது போதுமான அளவு தள்ளிப் போனதும் அடுத்ததைப் புள்ளிக்குத் திருப்பிவிட்டால் வரிசை தானாக அமையும். நெரிசல் மிகுந்த நேரத்தில் நல்ல ஆட்டக்காரரின் திரையைப் பாருங்கள்: ஓடுபாதையின் வாயைச் சுற்றி அவர் போட்டிருக்கும் வளைவுகள் இதே குடும்பம்.

சிறிய திரையும் இந்தக் கலையின் பகுதி. மூன்றரை அங்குலம், 480க்கு 320 புள்ளிகள். வரைகிற விரலே வரைவதை மறைக்கும். அதனால் நல்ல கை நடுவில் நிற்காது. விமானத்தைத் தொட்டு, கோட்டை இழுத்து, உடனே விலகும். தொட்டதும் பழைய கோடு அழிந்துவிடுமாதலால் அடிக்கடி திருத்துவதும் செலவுதான். ஒரே தடவையில் வரைந்து மறந்துவிடக்கூடிய கோடே சிறந்த கோடு. பிறகு வந்த ஐபேட் பதிப்பில் வானம் விசாலமானது, கை வசதியானது, ஆனால் அந்த இறுக்கம் போய்விட்டது.

ஆட்டத்தில் உள்ள மற்ற களங்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. விமானம் தாங்கிக் கப்பல் அழகானது, வந்து போகலாம். முதல் புல்வெளி நிலையம்தான் மூலம். அதே ஆண்டு இமாஞ்சி ஸ்டூடியோஸ் வெளியிட்ட 'ஹார்பர் மாஸ்டர்' நேர்மையான வாரிசு: கப்பல் வந்து சரக்கை இறக்கி, மறுபடி வெளியே போகவும் வேண்டும். கணக்கு இரட்டிப்பானது நல்ல யோசனை. ஆனால் விமானம் தரையைத் தொட்டு மறையும்போது கிடைக்கிற தீர்ந்த உணர்ச்சி அங்கே கிடைப்பதில்லை.

ஃபயர்மின்டை 2011இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. 2015இல் ஆட்டம் ஆப்பிள் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. அச்சுப் புத்தகம் பதிப்பில் இல்லாமல் போனாலும் எங்காவது ஒரு அலமாரியில் இருக்கும். இந்த ஆட்டத்தைத் தேடுகிறவருக்குப் பழைய கருவிதான் கதி. இத்தனை செப்பமான ஒரு படைப்பை இப்படி விட்டது எனக்கு இன்னும் வருத்தம். உரிமை வைத்திருப்பவர்கள் எதையும் சேர்க்காமல், மாற்றாமல், இருந்தபடியே மறுபடி வெளியிட வேண்டும்.

பழைய ஐபோன் ஒன்று அகப்பட்டால் புல்வெளி நிலையத்தில் தொடங்குங்கள். வேகமாக்கும் பொத்தானைத் தொட வேண்டாம். சிவப்பு ஜெட்டுகள் கண்ணை இழுக்கும், அவற்றை விட்டு ஹெலிகாப்டர்களைக் கவனியுங்கள். எந்தப் பக்கத்திலிருந்தும் இறங்கலாம் என்ற சுதந்திரம் அவற்றுக்கு உண்டு. ஆனால் மிக மெதுவாகப் போவதால் மற்ற எல்லாருடைய வழியிலும் நெடுநேரம் நிற்பவை அவைதான். முதலில் அவற்றுக்கு ஒதுக்குப்புறமாக நீண்ட கோடு ஒன்று வரைந்துவிட்டு, பிறகு ஜெட்டுகளுக்கு வாருங்கள்.