தாழ்வுணர்வும் நடைமுறையும்: ஈழத்து முற்போக்கு எழுத்துக்கள் சில பற்றிய ஒரு நோக்கு

'என்னால் இயலாது', 'இது எமக்கு உரியதன்று' என்னும் எண்ணங்கள் தனிமனித உள்ளத்தின் பலவீனங்களாகவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. இன்று பெருந்தொகையாக விற்பனையாகும் தன்னம்பிக்கை நூல்களின் அடித்தளம் இதுவே. மனம் மாறினால் வாழ்வு மாறும் என்பது அவற்றின் சாரம். அவ்வெண்ணங்களைத் தோற்றுவித்த சமூக அனுபவத்தை இவ்விளக்கம் மறைத்துவிடுகின்றது. அடிபட்டவனையே அடிக்குப் பொறுப்பாளியாக்குகின்றது. இதற்கு மறுதலையாக, சூழல் மாறின் மனம் தானாகவே மாறிவிடும் என்ற கருத்து முற்போக்கு வட்டாரங்களில் நிலவிவந்துள்ளது. அதுவும் அரைகுறையானதே. போயர்பாக் பற்றி 1845இல் எழுதிய குறிப்புகளில் மார்க்ஸ், சூழலை மாற்றுதலும் மனிதன் தன்னை மாற்றிக்கொள்ளுதலும் புரட்சிகர நடைமுறையில் ஒருங்கே நிகழ்வன என்று கண்டார். இந்நோக்கை உரைகல்லாகக் கொண்டு, யாழ்ப்பாணச் சாதியமைப்பைப் பொருளாகக் கொண்ட சில ஆக்கங்களை மதிப்பிட இக்கட்டுரை முயல்கின்றது.

தாழ்வுணர்வு வெறும் மூடநம்பிக்கையன்று. நிலமும் கிணறும் கோயிலும் ஒரு சாராரின் உடைமையாயிருந்த சமூகத்தில் அது அனுபவத்திலிருந்து பெறப்பட்ட முடிபு. தடையை மீறியவன் தாக்கப்பட்டான், அவனது குடிசை எரிந்தது, வேலை மறுக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டையொட்டிப் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்பட வேண்டுமெனப் பணிக்கப்பட்டபோது, சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. வாங்கில் அமர இடமின்றி நிலத்திலிருந்த பிள்ளை, எழுத்தைக் கற்குமுன் தன் 'இடத்தை'க் கற்றுக்கொண்டது. ஆகவே 'எமக்கு இயலாது' என்பது, தோன்றிய காலத்திற் சமூக பலாபலம் பற்றிய சரியான அறிவாகவே இருந்தது. பலாபலம் மாறத் தொடங்கிய பின்னரும் அவ்வறிவு மாறாது நிலைத்துநிற்பதே அதன் கொடுமை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. எனினும் தேநீர்க்கடைகளும் கோயில்களும் பெரும்பாலும் மூடியே கிடந்தன. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நிகழ்ந்த போராட்டமுமே சட்டத்தின் எழுத்துக்கு உயிரளிக்க முற்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் குறைந்திருந்தது சட்டமன்று. அதனைப் பயன்படுத்தும் கூட்டுத் துணிவே.

என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்ற சிறுகதை இப்பிரச்சினையை மறுபக்கத்திலிருந்து காட்டுகின்றது. தம்மைத் தேடிவந்த தாழ்த்தப்பட்ட மக்களை வீட்டினுள் அழைக்க இயலாத உயர்சாதிச் சீர்திருத்தவாதியொருவர், நிலவின் அழகைக் காரணங்காட்டி முற்றத்திலிருந்து பேச அழைக்கின்றார். அவரது பேச்சிற் குறையில்லை. கருத்திலும் குறையில்லை எனலாம். ஆனால் வாசற்படியில் அவரது கருத்து நின்றுவிடுகின்றது. பழைய அனுபவம் ஒடுக்கப்பட்டவனை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. ஒடுக்கும் சாதியிற் பிறந்த முற்போக்காளனையும் அது கட்டுப்படுத்துகின்றது. முன்னவனிடம் அச்சமாகவும் பின்னவனிடம் நாகரிகமாகவும் அது வெளிப்படுகின்றது. வேறுபாடு யாதெனில், முன்னவனது கட்டு அவனுக்கு இழப்பையே தருகின்றது. பின்னவனது கட்டு அவனுக்குச் சலுகையைக் காக்கின்றது. இரண்டையும் 'மனத்தடை' என்ற ஒரே சொல்லால் அழைப்பது இவ்வேறுபாட்டை அழிப்பதாகும். ஒரு பிரசங்கமுமின்றி இதனை உணர்த்துவதே இக்கதையின் வெற்றி.

கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) இதே வாசலை வெளியில் நிற்பவர் பக்கத்திலிருந்து நோக்குகின்றது. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்திற் பங்குகொண்டு செயற்பட்ட ஒருவரின் படைப்பு இது. இதன் சாதனை பொருளில் மட்டுமன்று, மொழியிலும் உள்ளது. 1960களின் தொடக்கத்தில் நடைபெற்ற மரபு பற்றிய விவாதத்தின்போது, முற்போக்கு எழுத்தாளர் கையாண்ட பேச்சுமொழி 'இழிசனர் வழக்கு' என இகழப்பட்டமை நினைவுகூரத்தக்கது. தன் பேச்சு எழுத்துக்குத் தகாதது என்று நம்பவைக்கப்பட்டவன், தன் வாழ்வும் எழுத்துக்குத் தகாதது என்றே நம்புவான். அம்மொழியே நாவலைச் சுமந்து செல்லும்போது அந்நம்பிக்கை தகர்கின்றது. எனினும் குறையொன்றையும் சுட்டவேண்டும். போராட்ட நிகழ்ச்சிகளின் விரைவில், முதன்முறை தடையை மீறும் மனிதனின் உள்ளத்தயக்கம் போதிய விரிவு பெறவில்லை. கடையினுள் முதலடி வைப்பவனின் கால் ஏன் நடுங்குகின்றது, அருகில் நிற்கும் தோழனின் தோள் அந்நடுக்கத்தை எவ்வாறு தணிக்கின்றது என்பவற்றை வாசகன் பெரும்பாலும் ஊகித்துக்கொள்ள வேண்டியுள்ளது. இதனைக் கலையழகுக் குறை என்று மட்டும் கூறி ஒதுக்குதல் தகாது; பிரக்ஞை மாறும் கணத்தைக் காட்டாமை அரசியற் குறையுமாகும்.

டொமினிக் ஜீவாவின் வாழ்க்கை இங்கு கவனத்துக்குரியது. பள்ளியிற் சாதியின் பேரால் அவமதிக்கப்பட்டு இளமையிலேயே கல்வியை விட்டவர் அவர். சிகையலங்கார நிலையத்தில் தொழில் புரிந்தவர். 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966 ஓகஸ்டில் 'மல்லிகை'யைத் தொடங்கி நான்கு தசாப்தங்களுக்கு மேலாக நடத்தினார். இதனைத் தனிமனித மனவுறுதியின் வெற்றிக் கதையாக வாசிப்பது எளிது; ஆனால் பிழையானது. யாழ்ப்பாணத்தில் தலைமறைவாயிருந்த ப. ஜீவானந்தத்தின் தொடர்பு, அதன்வழி அவர் ஏற்ற பெயர், பொதுவுடைமை இயக்கம், 1954இல் தோன்றிய முற்போக்கு எழுத்தாளர் சங்கம் ஆகியன இன்றி அவ்வுறுதி உருப்பெற்றிராது. மேலும், அவர் தம் தொழிலை மறைத்து உயரவில்லை. தொழிலிடத்தையே வாசிப்புக்கும் விவாதத்துக்கும் களமாக்கினார். இழிவின் அடையாளமாக விதிக்கப்பட்டதை அறிவின் இடமாக மாற்றிய இச்செயல், தாழ்வுணர்வைத் தனியே வெல்லும் முயற்சியினின்றும் அடிப்படையில் வேறானது.

மேற்கூறியவற்றால் ஒரு விமரிசன அளவுகோல் பெறப்படுகின்றது. தலைவன் ஒருவனின் சொற்பொழிவு கேட்டுப் பாத்திரங்கள் திடீரென விழிப்புறும் கதைகள் எமது முற்போக்கு இலக்கியத்தில் மலிந்துள்ளன. தன்னம்பிக்கை நூல்களின் கருத்துமுதல்வாதத்தையே அவை சிவப்பு அட்டையிட்டு வழங்குகின்றன. செயல், அதனைத் தாங்கும் கூட்டு, அதன் பின் பெறப்படும் புதிய அனுபவம் என்னும் இயங்கியலைக் காட்டுவனவே யதார்த்தமானவை. பழைய அனுபவத்தை உபதேசம் வெல்லாது. புதிய அனுபவமே வெல்லும்.

இது கடந்தகால இலக்கிய வரலாறு மட்டுமன்று. 2018இல் வடபுலக் கோயிலொன்றில், எல்லாச் சாதியினரும் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே மண் அகழும் இயந்திரத்தால் தேர் இழுக்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. சேர்ந்து வடம் பிடித்த கைகள் புதிய அனுபவமொன்றைப் பெற்றுவிடும் என்பதை அவ்வாறு செய்வோர் நன்கறிவர். எமது எழுத்தாளரும் விமரிசகரும் அதனை அவர்களிலும் குறைவாக அறிந்திருத்தல் ஆகாது.