முதுமையும் முதிர்ச்சியும்: சுருட்டின் சுவையை மதிப்பிடும் முறை

சுருட்டு என்பது தமிழ்ச் சொல். ஆங்கிலத்தில் வழங்கும் 'செரூட்' என்னும் சொல் இதன் வழி வந்ததே என்பதை, யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி எடுத்துக்காட்டுகிறது. பெயரை உலகுக்கு ஈந்த மொழியினர், அப்பொருளை மதிப்பிடும் முறையை மட்டும் பிறரிடம் விட்டுவிட்டனர்.

இன்று கோலாலம்பூரில் குளிரூட்டிய அறைகளில் வைத்து விற்கப்படும் கியூபா நாட்டுச் சுருட்டு, ஆண்டுகள் பல கடந்தது என்னும் ஒரு காரணத்தாலேயே விலை ஏறி நிற்கிறது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வழிபாட்டுப் பொருட்கடைகளில் முனீசுவரர் படையலுக்கென வாங்கப்படும் சுருட்டோ சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. முன்னதை உயர்வென்றும் பின்னதைத் தாழ்வென்றும் கூறுவதற்கு அடிப்படை யாது? ஆண்டா, விலையா, சுவையா? இவ்வினாவுக்கு விடை காணாமல் செய்யும் எந்த மதிப்பீடும் மதிப்பீடு ஆகாது.

முதற்கண், ஆண்டுகள் சுருட்டுக்குச் செய்வது யாது என்பதை அறிதல் வேண்டும். பறித்து உலர்த்திய புகையிலையைக் குவியலாக அடுக்கி நொதிக்க விடுவர். குவியலின் உள்ளே வெப்பம் மிகும், அம்மோனியா வெளியேறும், இலையின் கடுமை குறையும். அதன்பின் இலையைப் பொதியாகக் கட்டி வைப்பர். கியூபாவில் 'ரிசர்வா' எனப் பெயர் பெறும் வகைக்கு மூன்று ஆண்டும், 'கிரான் ரிசர்வா' என்பதற்கு ஐந்து ஆண்டும் இலை முதிர்விக்கப்படுகிறது. சுருட்டிய பின்னும் பெட்டியில் இம்மாற்றம் மெல்ல மெல்லத் தொடர்கிறது. அப்பெட்டிக்குரிய மரத்தை 'ஸ்பானியச் சிடார்' என்பர். பெயர் அவ்வாறாயினும் அது உண்மைச் சிடார் அன்று. நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரமே.

இங்ஙனம் காப்பது எளிதன்று. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 65 முதல் 70 விழுக்காடு வரை இருத்தல் வேண்டும்; வெப்பமும் மிகுதல் கூடாது. மலேசியத் தட்பவெப்பமோ இவ்விரண்டிலும் மிகுந்தது. இங்குக் கருத்தின்றி வைத்த சுருட்டில் பூஞ்சணம் படரும். இலையில் ஒளிந்திருக்கும் வண்டின் முட்டை பொரித்துச் சுருட்டைத் துளைத்துவிடும். ஆகவே, பெட்டியின் அடியில் பொறித்த ஆண்டுக்குறி, சுருட்டு எப்போது அடைக்கப்பட்டது என்பதை மட்டுமே கூறும். எவ்வாறு காக்கப்பட்டது என்பதைக் கூறாது. ஆண்டு ஒரு சான்று, தீர்ப்பு அன்று.

மேலும், காலம் கடுமையைக் கழிக்குமேயன்றி இல்லாத சுவையைப் படைத்துத் தராது. செறிவுள்ள இலை ஆண்டுகள் செல்லச் செல்லக் கூர்மை தணிந்து, உள்ளடங்கிய மணங்களை ஒவ்வொன்றாகப் புலப்படுத்தும். சாரமற்ற இலையை இருபது ஆண்டு காத்தாலும் சாரமற்ற பழைய இலையே எஞ்சும். நல்ல இலைக்கும் ஓர் எல்லை உண்டு. அதனைக் கடந்தால் கடுமையோடு மணமும் போய், காகிதம் எரிவது போன்ற வெறுமையே நாவில் நிற்கும். முன்னது முதிர்ச்சி, பின்னது முதுமை.

இவ்வேறுபாட்டைக் காண விரும்புவோர் முதலில் சுருட்டைச் சுற்றியுள்ள பெயர்ப்பட்டையை நீக்கிவிடுதல் நலம். பெயரைக் கண்ட பின் நா நடுநிலை இழக்கும். அடுத்து, விரலால் மெல்ல அழுத்தி, இடையில் வெற்றிடமோ கட்டியோ உளதா என நோக்குதல் வேண்டும். பற்றவைக்கும் முன் வெறுங்காற்றை இழுத்துப் பார்த்தால் இலையின் இயல்பு மணம் தெரியும். பற்றவைத்த பின் சுருட்டை மூன்று பகுதியாகக் கொண்டு, தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் சுவை எவ்வாறு மாறுகிறது என்று ஒப்பிடுவர். தேர்ந்த சுவைஞர் புகையை வாயளவில் நிறுத்துவர், நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. காரம் வேறு, செறிவு வேறு என்பதையும் மறத்தல் ஆகாது. தலை சுற்றச் செய்வது காரம். நாவை நிறைப்பது செறிவு. முதிர்ந்த சுருட்டில் காரம் குறைந்தும் செறிவு நிற்கும். இதுவே அதன் சிறப்பைக் காட்டும் உரைகல்.

சாம்பலைக் கண்டு தரம் கூறுவாரும் உளர். கானன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவாளன் தரையில் கிடந்த கரிய, செதில் போன்ற சாம்பலைக் கொண்டே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டினுடையது எனத் தெளிகிறான். வியத்தற்குரிய நுட்பமே. ஆயினும் அவன் செய்தது இனங்காணல், மதிப்பிடல் அன்று. ஒரு செய்யுளின் யாப்பு வெண்பா எனக் கண்டுபிடித்த மாணவன் அது நல்ல வெண்பாவா என்பதை இன்னும் கூறவில்லை அல்லவா?

மேனாட்டுச் சுவைஞர் எழுத்திலும் இத்தகைய குறை ஒன்று உண்டு. தோல், சிடார், கொக்கோ, மிளகு என மணங்களை அடுக்குவர். அவை ஒன்றோடொன்று இயைந்தனவா என்பதைச் சொல்லாமலே விடுவர். பாட்டில் உள்ள அணிகளை எண்ணிக் காட்டிவிட்டு, அவை பாட்டுக்குச் செய்த பணியை உரையாமல் விடும் உரை போன்றது இது. தமிழில் மதிப்பிடுவோர் அவ்வடுக்கை அப்படியே பெயர்த்தெழுதுவதிலும் பயனில்லை. வறுத்த காப்பிக்கொட்டை, கிராம்பு, பனைவெல்லம், மழை நனைத்த மண் ஆகியவை இந்நாட்டுத் தமிழர் மூக்கு அறிந்த மணங்கள். அறிந்ததைக் கொண்டு அறியாததை விளக்குவதே உவமையின் பயன்.

இனி, படையல் சுருட்டின் இனத்ததாகிய திருச்சிராப்பள்ளிச் சுருட்டுக்கு வருவோம். அஃது இரு முனையும் வெட்டிய எளிய வடிவினது. நெடுநாள் பேழையில் காப்பதற்கென எழுந்ததன்று. அதனைக் கியூபாச் சுருட்டின் ஆண்டுக்கணக்கால் அளப்பது, நாட்டுப்பாடலைக் காப்பிய இலக்கணத்தால் அளப்பதற்கு ஒப்பாகும். ஒவ்வொன்றையும் அதனதன் நோக்கத்தால் அளத்தல் வேண்டும். எரிதல் ஒழுங்காக உளதா, இழுப்பு தடையின்றி வருகிறதா, காரத்தின் பின்னே சுவை நிற்கிறதா என்பனவே அதற்குரிய வினாக்கள்.

இழுப்பு செவ்வையாக அமைவது சுருட்டுவோர் கையைப் பொறுத்தது. அக்கைகளுக்கிடையே விலை வேறுபாடு இல்லை. ஹவானாத் தொழிற்சாலைகளில் 1865 முதல் ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டே சுருட்டினர். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் நாளிதழ் படிக்கக் கேட்டுச் சுருட்டும் வழக்கம் இருந்தது. ஒன்றன் விலையைக் கண்டு மற்றதன் தொழில்திறனை இகழ்வது நடுநிலை ஆகாது.

பழையன யாவும் நல்லன அல்ல, புதியன யாவும் தீயன அல்ல என்னும் கருத்தை உமாபதி சிவாச்சாரியார் 14-ஆம் நூற்றாண்டில் தம் 'சிவப்பிரகாச'த்தின் அவையடக்கத்திலேயே நிறுவினார். நூலுக்கு உரைத்த அந்நெறி சுருட்டுக்கும் பொருந்தும்.

இறுதியாக, மதிப்பீட்டில் விடக்கூடாத கூறு ஒன்று உளது. புகையை உள்ளிழுக்காவிடினும் சுருட்டு வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் விளைவிக்கும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. மலேசியாவில் 1-10-2024 முதல் நடப்புக்கு வந்த 852-ஆம் சட்டம் புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்துவதும் இத்தகைய தீங்கு கருதியே. காலம் சுருட்டின் கடுமையைத் தணிக்கும், நஞ்சை நீக்காது. இனிமை மிகுந்ததால் தீங்கு குறைந்ததென எண்ணுவதே பழமைப் பெருமை தரும் மயக்கங்களுள் பெரிது. சுவையைச் சுவை என்றும் நஞ்சை நஞ்சு என்றும் ஒரே நாவால் கூற வல்லவரே நேரிய திறனாய்வாளர் ஆவர்.