சதுரங்கக் கதையும் கதியான் ஏடும்: கூச் பிகார் பற்றி ஒரு குறிப்பு

சதுரங்கக் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூச் பிகார் பற்றி எழுதுகிற எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், நானும் அதையே செய்துவிட்டுப் போகிறேன்.

கூச் பிகார் ராஜாவும் ரங்பூர் நவாபும் சதுரங்கம் ஆடினாங்களாம். பந்தயம் கட்டப் பணம் இல்லை, கிராமங்களை வைச்சாங்களாம். தோத்தவர் ஊர் ஜெயிச்சவருக்கு. அப்படித்தான் இந்தியாவுக்குள்ளே வங்கதேசத் துண்டுகளும், வங்கதேசத்துக்குள்ளே இந்தியத் துண்டுகளும் சிதறிக் கிடந்துச்சாம். இன்னொரு கதையும் உண்டு: குடித்திருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வரைபடத்தின் மேல் மையைக் கொட்டிவிட்டார், அந்தப் பொட்டுகள்தான் இந்தத் திட்டுகள்.

நானும் இந்தக் கதையைப் பல வருஷம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன். எல்லைகள் பற்றிப் பேச்சு வந்தால் இதைத்தான் எடுத்துவிடுவேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அது போதும் என்று இருந்தேன்.

எங்கள் பகுதியில் கட்டட வேலைக்கு வந்திருந்த ஒரு இளைஞரிடமும் இதைச் சொன்னேன். தின்ஹாட்டா பக்கத்துக்காரர். நாலு வருஷத்தில் தமிழ் நன்றாகவே பேசப் பழகியிருந்தார். "உங்க ஊர்க் கதை எனக்குத் தெரியும்" என்ற பெருமையில் நான் சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அண்ணா, ராஜா ஆடினாரு, சரி. என் ஸ்கூல் சர்டிபிகேட்ல எங்க அப்பா பேருக்குப் பதிலா வேற ஒருத்தர் பேரு இருக்கு. அதை எழுத வைச்சது எந்த ராஜா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லைத் திட்டுகள் பற்றி நாம் எழுதும் முறை மேல் எனக்கு இருக்கும் குறை இது: ஒரு நிர்வாகத் தவறை நாம் நாட்டுப்புற வேடிக்கையாக மாற்றிவிட்டோம். பழி செத்துப்போன ராஜாக்கள் மேல் விழுகிறது. உயிரோடு இருந்த அலுவலகங்கள் தப்பித்துக்கொள்கின்றன.

முதலில் பெயரையே பார்ப்போம். அந்த ஊர்க்காரர்கள் இந்தத் திட்டுகளைச் 'சிட்மஹல்' என்கிறார்கள். சிட் என்றால் துண்டு. மஹல் என்பது இங்கே அரண்மனை இல்லை, முகலாயர் கால வருவாய்ப் பிரிவு. அதாவது, வரிக்கணக்கில் துண்டாகக் கிடக்கும் நிலம். சதுரங்கப் பலகை எதுவும் அதில் இல்லை. கணக்குப்பிள்ளை வைத்த பெயர் அது.

இந்தத் திட்டுகளின் ஆவணங்களைத் தோண்டி 2002இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பெரிய ஆய்வு ஒன்றைச் செய்தவர் பிரெண்டன் வைட். அவர் சதுரங்கக் கதையை ஏற்கவில்லை. அவர் காட்டும் வரலாறு இன்னும் சாதாரணமானது. 1711 முதல் 1713 வரை முகலாயருக்கும் கூச் பிகாருக்கும் நடந்த சண்டை உடன்படிக்கையில் முடிகிறது. போடா, பாட்கிராம், பூர்வபாக் என்ற மூன்று சக்லாக்கள் முகலாயர் பக்கம் போகின்றன. அவற்றுக்குள் நிலம் வைத்திருந்த சில கூச் பிகார்த் தலைவர்களை முகலாயரால் கிளப்ப முடியவில்லை. அந்த நிலங்கள் கூச் பிகாரோடயே நின்றன. அதேபோல கூச் பிகாருக்குள் நிலத்தைப் பிடித்துக்கொண்ட முகலாய வீரர்கள் அந்தப் பக்கத்துக்கு விசுவாசமாக இருந்தார்கள். அவ்வளவுதான். யார் யாருக்கு வரி கட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

அது அந்தக் காலத்துக்கு அதிசயமே இல்லை. 1765இல் வங்காளத்தின் திவானி உரிமை கம்பெனிக்கு வந்தது. 1773இல் கூச் பிகாரும் கம்பெனியின் பாதுகாப்பை ஏற்றது. அதற்குப் பிறகு சுமார் 175 வருஷம் இரண்டு பக்கத்துக்கும் மேலே ஒரே அதிகாரம். ஒரு திட்டில் குடியிருந்தவர் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வரி போய்ச் சேரும் கஜானா மட்டும் வேறு.

அப்போ கெட்டது எப்போது? சதுரங்கக் கதை மறைப்பது இந்தக் கேள்வியைத்தான்.

1947இல் ராட்கிளிஃப் பிரித்தது பிரிட்டிஷ் வங்காளத்தின் மாவட்டங்களை. கூச் பிகார் சமஸ்தானம் அவர் அதிகாரத்துக்குள் வரவில்லை. ரங்பூர் பாகிஸ்தானுக்குப் போனது. கூச் பிகார் மகாராஜா 1949 ஆகஸ்ட் 28இல் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். செப்டம்பர் 12இல் நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது. 1950 ஜனவரி 1 முதல் அது மேற்கு வங்கத்தின் ஒரு மாவட்டம். சமஸ்தானத்தின் வரிக்கணக்கில் இருந்த துண்டுகளும் கூடவே இந்தியா ஆகிவிட்டன. பழைய வரி எல்லை, யாரும் புதிதாக ஒரு கோடு கூட வரையாமலேயே, சர்வதேச எல்லை ஆனது.

அப்போதும் நடமாட்டம் முழுசாக நிற்கவில்லை. 1952 அக்டோபரில் இந்தியாவுக்கும் கிழக்குப் பாகிஸ்தானுக்கும் இடையே பாஸ்போர்ட், விசா வந்தது. அதோடு கதை மாறியது. திட்டில் இருப்பவர் தன் சொந்த நாட்டுக்குப் போக, நடுவில் இருக்கும் அந்நிய நாட்டைக் கடக்க விசா வேண்டும். விசா வாங்க நகரத்துக்குப் போக வேண்டும். நகரத்துக்குப் போகத் திட்டை விட்டு வெளியே கால் வைக்க வேண்டும். வைத்த நொடியிலேயே அது சட்டவிரோதம். இந்த முடிச்சைப் போட்டது 18ஆம் நூற்றாண்டு ராஜா இல்லை. 20ஆம் நூற்றாண்டுச் செயலகங்கள் போட்டவை.

அங்கே பள்ளிக்கூடம் கிடையாது, போலீஸ் கிடையாது, மின்சாரம் கிடையாது. பிள்ளைகளைப் பக்கத்து இந்திய ஊர்ப் பள்ளியில் சேர்க்க இந்திய விலாசம் வேண்டும். எனவே இந்தியக் குடிமகனான ஒரு தெரிந்தவரை அப்பா என்று எழுதினார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேரும் பெண்கள் வேறொருவரைக் கணவர் என்று எழுதினார்கள். அந்த இளைஞரின் சர்டிபிகேட்டில் இருக்கும் பெயர் அப்படி வந்ததுதான்.

பத்திரிகைகள் விரும்பி எழுதும் இன்னொரு விஷயம் தஹாலா காக்ராபாரி. இந்தியாவுக்குள் வங்கதேசம், அதற்குள் இந்தியா என்று அடுக்குப் பெட்டி மாதிரி மூன்று சுற்று. அதைச் சுற்றி மறுபடி வங்கதேசம். உலகத்தில் அப்படி இருந்தது அது ஒன்றுதான். உண்மை, கேட்கவே சுவாரஸ்யம். ஆனால் அது ஏறத்தாழ 7,000 சதுர மீட்டர் வயல். அங்கே யாரும் குடியிருக்கவில்லை. ஆளில்லாத அந்த வயலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குபவர்கள், ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருந்த மற்றத் திட்டுகளை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். விநோதம் எங்கே அதிகமோ அங்கே நம் கண் போகிறது. கஷ்டம் எங்கே அதிகம் என்று பார்ப்பதில்லை.

அரசாங்கங்களும் இதில் சளைத்தவை இல்லை, அவை ஏக்கரை எண்ணின. 1958இல் நேரு–நூன் உடன்பாட்டிலேயே திட்டுகளை மாற்றிக்கொள்வது முடிவானது. அதே உடன்பாட்டில் இருந்த பெருபாரி ஒன்றியப் பிரிவினை நீதிமன்றம் போனது. நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974 மே 16இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். வங்கதேசம் அதே வருஷம் ஏற்றது. இந்தியாவில் நூறாவது திருத்தம் நிறைவேற 2015 ஆனது. முதல் முடிவிலிருந்து 57 வருஷம்.

அந்த 57 வருஷ வாதத்தில் திரும்பத் திரும்ப வந்தவை இரண்டு எண்கள்: இந்தியா கொடுப்பது 111 திட்டுகள், 17,160 ஏக்கர், பெறுவது 51 திட்டுகள், 7,110 ஏக்கர். பத்தாயிரம் ஏக்கர் நஷ்டமா இல்லையா என்று சண்டை. இரு நாடுகளும் சேர்ந்து அங்கே இருந்தவர்களின் தலையை எண்ணியது 2011 ஜூலையில்தான். இந்தியத் திட்டுகளில் 37,334 பேர், வங்கதேசத் திட்டுகளில் 14,215 பேர்.

பெருபாரி என்ற பெயர் நமக்குப் புதிது இல்லை. அதே 1974இல், அடுத்த மாதமே, கச்சத்தீவு ஒப்பந்தம். கச்சத்தீவு வழக்குகளில் பெருபாரித் தீர்ப்பு மேற்கோளாக வரும். அங்கே திருத்தம் தேவைப்பட்டது, இங்கே ஏன் தேவைப்படவில்லை என்று கேட்போம். நியாயமான கேள்விதான். ஆனால் பெருபாரி என்பது ஜனங்கள் குடியிருக்கும் ஊர் என்பதை நாமும் யோசித்ததில்லை. நமக்கு அது ஒரு வழக்கின் பெயர்.

2015 ஜூலை 31 நள்ளிரவில் மாற்றம் நடந்தது. வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் திட்டுகளிலிருந்து ஆயிரத்துக்கும் குறைவானவர்களே இந்தியாவுக்கு வந்தார்கள். இந்தியப் பக்கத்து 51 திட்டுகளிலிருந்து யாருமே வங்கதேசம் போகத் தேர்ந்தெடுக்கவில்லை. கொடியேற்றம், மெழுகுவர்த்தி எல்லாம் படங்களில் பார்த்தோம். சதுரங்கக் கதைப்படி ஆட்டம் முடிந்தது, சுபம்.

பிரச்சினையின் வேர் ஏட்டில் என்றால் அவ்வளவு சீக்கிரம் சுபம் போட முடியாது. நம்மூர்ப் பட்டா மாதிரி அங்கே 'கதியான்'. புதிதாகச் சேர்ந்த நிலங்களுக்கு மேற்கு வங்கத்தின் ஏட்டில் இடமே இல்லை. குடியுரிமை 2015இல் ஒரே ராத்திரியில் வந்தது. 2016 சட்டமன்றத் தேர்தலில் வாக்கும் போட்டார்கள். நில உரிமை தருவதற்கான சட்டத் திருத்தம் மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறியது 2018 நவம்பரில். நடுவில் மூன்று வருஷம் வாக்காளர், ஆனால் தன் வயலுக்குக் காகிதம் இல்லாதவர்.

திட்டுகளை விட்டுவிட்டு மாவட்டத்தைப் பார்த்தாலும் இதே பாடம்தான். 3,387 சதுர கிலோமீட்டர், 2011 கணக்குப்படி 28 லட்சம் பேர், பத்தில் ஒன்பது பேர் கிராமத்தில். மக்களில் பாதிப் பேர் பட்டியல் சாதியினர், அவர்களில் ராஜபன்ஷிகளே அதிகம். ஐந்து உட்கோட்டங்கள், பன்னிரண்டு வட்டாரங்கள். அதில் ஹல்திபாரி வட்டாரம் தீஸ்தா ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதன் உட்கோட்டத் தலைமையிடம் மேக்லிகஞ்ச் இந்தப் பக்கம். 2021இல் ஜோயி சேது பாலம் திறக்கும் வரை, தன் உட்கோட்ட அலுவலகத்துக்குப் போக ஒன்று படகு, இல்லையென்றால் பக்கத்து மாவட்டமான ஜல்பாய்குரியைச் சுற்றிக்கொண்டு பஸ். எல்லைக்கோடு நடுவில் இல்லாமலேயே இதுவும் ஒரு திட்டுதான். இதற்கு எந்த ராஜாவும் சதுரங்கம் ஆடவில்லை.

முள்வேலியும் அப்படித்தான். எல்லைக்கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் தற்காப்புக் கட்டுமானம் கூடாது என்பது இரு நாட்டு ஏற்பாடு. எனவே வேலி இந்திய மண்ணுக்குள் தள்ளி நிற்கிறது. வேலிக்கு வெளியே இருப்பதும் இந்தியாதான், அங்கே வயலும் சில இடங்களில் வீடும் உண்டு. அடையாள அட்டையைக் காவலில் கொடுத்துவிட்டு, கதவு திறக்கும் நேரத்தில் வயலுக்குப் போய், மூடும் நேரத்துக்குள் திரும்ப வேண்டும். பழைய திட்டுகள் மறைந்த மாவட்டத்தில், எல்லை நெடுக நீளமாக ஒரு புதுத் திட்டு.

ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். சதுரங்கக் கதையை அந்த ஊர்க்காரர்களும்தானே சொல்கிறார்கள்? ஆமாம். அவர்கள் வாயில் அது நக்கல்: எங்களை வைத்து ஆடினார்கள் என்று. நாம் அதை விளக்கமாக எடுத்துக்கொண்டோம். நக்கலை வரலாறு என்று நம்பியது நம் தப்பு.

எல்லை மாவட்டம் பற்றி எழுதுகிறவர்கள், நான் உட்பட, வரைபடத்தை விரிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம். அங்கே இருக்கும் ஒருவர் பிறப்புச் சான்றிதழ் வாங்க எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எப்படிப் போவார், போனால் அந்த ஏட்டில் அவர் பெயர் இருக்குமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு சதுரங்கக் கதையைச் சொல்லத் தோன்றினால் சொல்லலாம்.

அந்த இளைஞர் வேலை முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார். சர்டிபிகேட்டில் அப்பா பெயரைத் திருத்த எழுதிக்கொடுக்கலாமே என்று போகும்போது சொன்னேன். திருத்தினால், அன்றைக்கு நல்ல மனசோடு தன் பெயரைக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொன்னதாக ஆகிவிடுமே அண்ணா என்றார்.

அடுத்த குறிப்பில் 1965இல் நின்று 2020இல் மறுபடி திறந்த ஹல்திபாரி–சிலாஹாட்டி ரயில் பாதை பற்றி எழுத எண்ணம்.